எனக்கு முன்னால் இருந்த முதுகு

அந்த விஷயம் எனக்குப் புரிந்த இடம் அப்படியொன்றும் அழகான இடம் இல்லை. பிசியோதெரபி முதலாண்டு, உடற்கூறு வகுப்பு. ஃபார்மலின் வாடை கண்ணைக் கரித்தது. மேசையில் ஓர் உடல் குப்புறக் கிடந்தது. முதுகின் மேல் தசைகளை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். மேடம் வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்புக்கு அடியில் இரண்டு விரலை விட்டு, இட்லிப் பானை மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பதுபோல் லேசாகத் தூக்கினார்.

“நல்லா பாத்துக்கோங்க. இந்த எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவுல மூட்டு கிடையாது. முன்னாடி காறை எலும்போட ஒரு சின்ன ஒட்டு, அவ்வளவுதான். மத்தபடி இது தசையிலதான் மிதக்குது. மேல இழுக்க ஒண்ணு, முதுகெலும்புப் பக்கம் இழுக்க ஒண்ணு, கீழ இழுக்க ஒண்ணு. அதெல்லாம் நீங்க ஜிம் கண்ணாடியில பாத்துப் பெருமைப்படற தசை. ஆனா அடியில இருக்கு பாருங்க, இதை யாரும் கண்டுக்கறதே இல்ல.”

அடியில் இருந்தது தட்டையான ஒரு தசை. பக்கவாட்டில் விலா எலும்புகளை விரல் விரலாகப் பற்றிக்கொண்டு, உடம்பைச் சுற்றிப் பின்னால் வந்து, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் அடியிலிருந்து ஒட்டியிருந்தது. யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்த கை மாதிரி.

“இதுக்குப் பேரு செரேட்டஸ். நீங்க கையை முன்னால நீட்டும்போது தோள்பட்டையை விலாவோட அழுத்திப் புடிச்சு முன்னால தள்றது இதுதான். இது தூங்கிடுச்சுன்னா எலும்பு இப்படித் தூக்கிக்கும்” என்று இன்னொரு முறை தூக்கிக் காட்டினார்.

எல்லோரும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் “ஐயோ” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மயக்கம் வருகிறது போல என்று நினைத்து மேடம் என்னை வெளியே போய்க் காற்று வாங்கச் சொன்னார். மயக்கமெல்லாம் இல்லை. அந்த மூடி திறப்பதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். அடையாற்றின் நடுவில். உயிரோடு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு முதுகில்.

*

அந்த முதுகுக்குச் சொந்தக்காரியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் துடுப்புப் படகு கோச் சாருக்கு அந்த வழக்கமும் கிடையாது. போட் ஹவுஸில் அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். படகில் உட்காரும் இடம்தான் பெயர். துடுப்புப் பந்தயப் படகில் உட்காருபவர்கள் போகும் திசையைப் பார்ப்பதில்லை. வந்த வழியைப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். இரண்டு பேர் படகு என்றால், ஒருவர் தாளம் வைப்பவர். அவருக்குப் பெயர் ஸ்ட்ரோக். அவருக்குப் பின்னால் இருப்பவர் பௌ. அவ்வப்போது தலையைத் திருப்பி வழி பார்த்துப் படகை நேராகக் கொண்டுபோவது பௌவின் வேலை. ஸ்ட்ரோக்குக்கு முன்னால் யாரும் இல்லை. பௌவுக்கு முன்னால் ஒரு முதுகு இருக்கிறது.

அக்கா ஸ்ட்ரோக். நான் பௌ. பிளஸ் டூ முடித்த விடுமுறையில் சேர்ந்தவள், கல்லூரி தொடங்கிய பிறகும் விடவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம், வாரத்தில் ஐந்து காலை, அந்த முதுகைத் தவிர வேறெதையும் நான் உருப்படியாகப் பார்த்ததில்லை.

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் இது ஒரு சின்னக் குழப்பத்தை உண்டுபண்ணியது. “ஸ்ட்ரோக் அக்காவுக்கு டிபன் கட்டிக் கொடும்மா” என்று ஒரு நாள் கேட்டபோது அம்மா பதறிப்போய், “பாவம், எந்தப் பக்கம்டி விழுந்துது?” என்றாள். அக்காவிடம் சொன்னேன். அவள் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. ஆனால் அடுத்த பத்து இழுப்புக்கு அவளுடைய தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனை இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரே ஒரு வார்த்தையில் தொடங்க வேண்டும்: ஒண்ணுமில்ல.

துடுப்புப் பிடித்து உள்ளங்கைத் தோல் பிய்ந்து ரத்தம் வரும். கேட்டால், “ஒண்ணுமில்ல, தோலு தானே, வளந்துக்கும்.” பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் வரவில்லை என்று ஷேர் ஆட்டோவில் பாதி, நடந்து பாதி என்று வந்து சேர்ந்திருப்பாள். “ஒண்ணுமில்ல, ரோடு காலியா கீது, நல்லா இருந்துச்சு.” தரமணியில் ஓர் அலுவலகத்தில் காப்பீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்யும் ஒப்பந்த வேலை. ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு மேலாளர் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறான். அதையும் வேறு யாரோதான் எனக்குச் சொன்னார்கள். “இன்னாத்துக்குடி அதெல்லாம்? ஒண்ணுமில்ல.”

முகம் அதற்கு ஒத்துழைத்தது. வழவழவென்று இருக்கும், எதுவும் ஒட்டாது. முதுகுதான் காட்டிக்கொடுத்தது.

நான் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது உடற்கூறு புத்தகத்துக்கு முன்னாலேயே. கோபம் வந்தால் தோள்பட்டைகள் இரண்டும் நடுவுக்கு நெருங்கி ஜெர்சியில் ஒரு செங்குத்து மடிப்பு விழும். பயம் வந்தால் காதை நோக்கி ஏறும், கழுத்து குட்டையாகிவிடும். நிம்மதியாக இருந்தால் எலும்புகள் கீழே இறங்கி அகன்று, முதுகு ஒரு கை அகலம் கூடினாற்போல் தெரியும். படகில் ஏறும் முன் அவள் அம்மாவிடமிருந்து போன் வரும்.

“ஆங், துன்ட்டேன்மா. இட்லி. நாலு துன்ட்டேன்.”

வலது தோள்பட்டை மட்டும் மெல்ல மேலே ஏறும். எனக்குத் தெரியும், இட்லியும் இல்லை, நாலும் இல்லை. என் டிபன் பாக்ஸை நீட்டுவேன். “உனக்கு எப்படிடி தெரியும்?” என்று ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. வாங்கித் தின்றுவிட்டு, “உங்கம்மா உப்பு கம்மியா போடுறாங்க” என்று மட்டும் சொல்வாள்.

ஆற்றில் ஒரு வளைவு இருக்கிறது. போட் ஹவுஸிலிருந்து மேற்கே போனால் இரண்டு பாலங்களுக்கு நடுவில். கரையில் நீளமாக ஒரு சுவர், அதற்குப் பின்னால் புதிதாக நட்ட மரக்கன்றுகள். அந்த வளைவு வரும்போதெல்லாம் அக்காவின் தோள்பட்டைகள் இரண்டும் ஏறிவிடும். சுவர் தாண்டியதும் இறங்கும். தாளம் மட்டும் ஒரு துளி பிசகாது. முதலில் நீரோட்டம்தான் காரணம் என்று நினைத்தேன். எதிர்த் திசையில் திரும்பி வந்தாலும் அதே இடத்தில் ஏறியது.

“அங்க ஏதாச்சும் இருக்காக்கா?”

“ஒண்ணுமில்ல. இன்னா கீது அங்க? சுவரு கீது.”

பல வாரம் கழித்து, டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, கேட்காமலேயே சொன்னாள். “அந்தச் சுவருக்குப் பின்னால மூணாவது கன்னு நட்டு வெச்சிருக்கானுங்க பாரு, அந்த எடத்துலதான் எங்க வூட்டு அடுப்பு இருந்துச்சு.” கரையோர வீடுகளை எடுத்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன்பு அவளும் தெருப் பிள்ளைகளும் பந்தயப் படகுகளை நீந்தித் துரத்துவார்களாம். துரத்தியதில் அதிக தூரம் வந்த இவளைத்தான் கோச் சார் கூப்பிட்டுத் துடுப்பைக் கையில் கொடுத்தார். “தண்ணி நாறும், நாங்களும் நாறுவோம். ஆனா வூடு பக்கத்துல இருந்துச்சு. இப்ப தண்ணிக்கு வர ரெண்டு பஸ்ஸு” என்றாள். முகம் வழவழ. “இன்னா அப்படிப் பாக்குற? டீ ஆறுது, குடி.”

*

அவளுக்கு ஒரே ஒரு கணக்கு இருந்தது. அடிக்கடி சொல்ல மாட்டாள். ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாநில அணித் தேர்வுப் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். அங்கிருந்து தேசியப் போட்டி. அதில் ஒரு பதக்கம், எந்த நிறமாக இருந்தாலும் சரி. அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. ஒப்பந்தம் இல்லாத வேலை. மேலாளர் கத்தினால் திருப்பிக் கேட்கக்கூடிய வேலை. போட் ஹவுஸில் எனக்கு அது பொழுதுபோக்கு. அவளுக்கு அது ஒரே வழி.

மாநிலத் தேர்வுக்குக் கொஞ்ச வாரங்களே இருந்தன. அப்போதுதான் எங்கள் படகு வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது.

நேராகப் போகவே மாட்டேன் என்றது. நான் திருத்துவேன், அது மறுபடி ஒதுங்கும். வழி பார்ப்பது பௌவின் வேலை என்பதால் திட்டெல்லாம் எனக்குத்தான். மோட்டார் படகில் மைக்கோடு பக்கத்திலேயே வரும் கோச் சார் விடவே இல்லை. “ஏய் பௌ! கண்ணு எங்க வெச்சிருக்க? பொடனியிலயா? கரையில போய் மாடு மேய்க்கப் போறியா?” ஒரு நாள் நிஜமாகவே ஆகாயத்தாமரைக்குள் போய் மாட்டிக்கொண்டோம். அக்கா, “விடு சார், காத்து அடிக்குது” என்றாள். காற்றே இல்லை.

படகு ஒதுங்கியதற்குக் காரணம் எனக்கு முன்னாலேயே இருந்தது. எனக்குத்தான் பெயர் தெரியவில்லை. அவளுடைய வலது துடுப்பு, இடதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தண்ணீரில் இறங்கியது. இடது கை முழு நீளத்துக்குப் போய்த் தண்ணீரைப் பிடித்தது. வலது கை போகும் வழியிலேயே நின்றுவிட்டது. நனைந்த ஜெர்சி முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறை அவள் கையை முன்னால் நீட்டும்போதும் வலது தோள்பட்டையின் உள்விளிம்பு துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. பாதி திறந்த அலமாரிக் கதவு மாதிரி.

“அக்கா, வலது பக்கம் ஏதாச்சும் பண்ணுதா?”

“ஒண்ணுமில்ல.”

படகு ஓட்டுபவர்களுக்கென்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. எந்தக் கேள்விக்கும் பதில் இழுப்பது. வேகம் போதவில்லையா, இழு. முதுகு வலிக்கிறதா, முதுகு பலவீனம், இன்னும் இழு. காதல் தோல்வியா, அதற்கும் அரை மணி நேரம் இழுத்துவிட்டு வா. போட் ஹவுஸ் சீனியர்கள் அவளிடம், “பேக்கு வீக்கா கீது, ரப்பர் கட்டி இழு” என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் வீட்டு ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, வேலை முடிந்து வந்ததும் தினமும் இழுத்திருக்கிறாள். எவ்வளவு இழுத்தாளோ, அந்தக் கதவு அவ்வளவு திறந்தது.

இந்த நிலைமையில்தான் நான் உடற்கூறு வகுப்பில் “ஐயோ” என்றேன்.

மறுநாள் காலை படகை இறக்குவதற்கு முன் அவளைப் போட் ஹவுஸ் பின்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“ரெண்டு கையையும் சுவத்துல வெச்சுத் தள்ளுக்கா.”

“இன்னாத்துக்கு?”

“சும்மா தள்ளேன்.”

“இழுக்கத்தான் தெரியும் நமக்கு. தள்றதுக்கு இங்க இன்னா வேலை கீது?” என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள்.

இடது எலும்பு விலாவோடு ஒட்டிக்கொண்டு முன்னால் வழுக்கியது. வலது எலும்பு எழுந்தது. என் விரல்நுனிகள் அதன் அடியில் போயின. மேடம் செத்த உடம்பில் காட்டியதை உயிருள்ள உடம்பு, சூட்டோடு, கேட்காமலேயே செய்துகாட்டியது. பாடத்தில் படித்தது நேரில் கிடைத்த சந்தோஷமும், இது அக்கா என்கிற திகிலும் ஒரே நேரத்தில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

“டாக்டரே, கூசுது! கையை எடு.”

“அக்கா, சமீபத்துல ஜுரம் வந்துச்சா?”

தோள்பட்டைகள் ஏறின.

“ஜுரம் வந்துச்சு. அப்பால தோளு ஒரு வாரம் எரிஞ்சுது. தேள் கொட்னா மாரி. அப்புறம் வலி போயிடுச்சு. சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்.” திரும்பி என்னைப் பார்த்தாள். “கோச்சுகிட்ட சொல்லாத. தேர்வு முடியட்டும். நீ பின்னால குந்திக்கினு பாத்தது உன்னோட இருக்கட்டும், இன்னா?”

எனக்குப் பத்தொன்பது வயதுகூட ஆகவில்லை. சொன்னால் அவள் தேர்வு போய்விடும். சொல்லாவிட்டால் கை போய்விடலாம். இரண்டு நாள் அதே யோசனையோடு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். அப்போதுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது: இதை அவள் பார்த்ததே இல்லை. யாரும் தன் முதுகைப் பார்ப்பதில்லை. ரங்கநாதன் தெருவில் ஆயிரம் பேர் அவளுக்குப் பின்னால் நடந்திருப்பார்கள், நான் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு மட்டும் அது தெரியாத ஊர்.

“அக்கா, நம்ம ரிதத்தை ஒரு தடவை வீடியோ எடுத்துப் பாக்கலாமா?”

“எட்த்துக்கோ. இன்னா, சினிமாவா?”

தண்ணீர் புகாத பையில் போனைப் போட்டு நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மேற்கே போய், வளைவைத் தாண்டி, திரும்பி வந்தோம். படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படகுத் துறைப் படியில் உட்கார்ந்து போனை அவளிடம் கொடுத்தேன்.

குலுக்கலான படம். திரை முழுக்க ஒரு முதுகு. முதலில் சிரித்தாள். “ஐய, இம்மாம் அகலமாடி நானு?” அப்புறம் சிரிப்பு நின்றது. வலது எலும்பு எழுவதையும் அடங்குவதையும் பார்த்தாள். விரலால் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். இடது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு வலதை மட்டும் பார்த்தாள். படம் ஓடிக்கொண்டே இருந்தது. சுவர் இருக்கும் வளைவு வந்தது. திரையில் இரண்டு தோளும் மெல்ல ஏறின, கழுத்தை விழுங்கின. சுவர் தாண்டியதும் இறங்கின.

படத்தை நிறுத்தினாள்.

“இது தினம் இப்படித்தான் ஏறுதா?”

“தினமும்கா.”

“நீ பாத்துக்கினே வந்தியா?”

“ஆமா.”

போனை என் மடியில் வைத்தாள். எழுந்து நேராகக் கோச் சாரிடம் போனாள். அவர் மோட்டார் படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவளுடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. குரல் காதில் விழுந்தது.

“சார், எனக்கு வலது கை முன்னால போவல. காத்தும் இல்ல, பௌ மேல தப்பும் இல்ல. என்னால முடியல சார்.”

கோச் சார் டீசல் கேனைக் கீழே வைத்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். “எத்தினி நாளா?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, பல வாரம் திட்டியதற்கெல்லாம் சேர்த்து, “சாப்ட்டியா?” என்றார்.

*

அரசு மருத்துவமனையில் நரம்பு டாக்டர் பரிசோதித்தார். ஜுரத்துக்குப் பின்னால் அந்தத் தசைக்குப் போகும் நரம்பு வீங்கி வேலையை நிறுத்தியிருக்கிறது. கழுத்திலிருந்து விலாவின் பக்கவாட்டில் இறங்குகிற நீளமான, மெல்லிய நரம்பு. பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும், மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம். இழுக்கவே கூடாது. பளு கூடாது.

“வரலாம்னா இன்னா டாக்டர்? வருமா, வராதா?”

“நரம்பு ஆட்டோ இல்லம்மா, ஹாரன் அடிச்சா வராது. அதுபாட்டுக்கு வளரும். நீ வழியை மறிக்காம இரு.”

தேர்வில் அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். நாங்கள் கடைசிக்கு ஒரு இடம் முன்னால் வந்தோம். புதுப் பெண்ணின் முதுகு நல்ல முதுகு, பலமானது, ஒழுங்கானது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. அக்கா கரையில் நின்று பார்த்தாள். முடிந்ததும் எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, “நீ இன்னும் ரைட்ல ஒதுங்கறடி. அப்ப அது நானில்ல” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் அக்காவை முன்பக்கமிருந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாக்கம் போவேன். மல்லாந்து படுத்துக் கையைக் கூரையை நோக்கி நீட்டி, இன்னும் ஒரு விரற்கடை மேலே தள்ளுவது. சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்ல மேலே வழுக்குவது. இவ்வளவுதான் பயிற்சி. பார்க்க ஒன்றுமே இல்லாத பயிற்சி. இழுத்தே வளர்ந்தவளுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. “குழந்தைங்க வெளையாட்டா கீது” என்பாள். வீட்டுக்குள் காலிச் சுவர் இல்லாததால் மாடிப்படிச் சுவரில் செய்தாள். கை எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அது உயரம் அளக்கும் இடம் என்று முடிவுகட்டி, தாங்களும் வரிசையாக வந்து நின்று கோடு போட்டுக்கொண்டார்கள். சில வாரங்களில் எது நரம்பு, எது பிள்ளை என்று தெரியாமல் போய்விட்டது. “பாரு டாக்டரே, இந்தப் பொடிப்பய என்னைவிட வேகமா வளர்றான்.”

இன்னொன்றும் மாறியது. எனக்குத் தினமும் குரல்செய்தி அனுப்பத் தொடங்கினாள். வானிலை அறிக்கை மாதிரி. “இன்னிக்கு தோளுக்குக் கீழ லேசா குடையுது. பஸ்ல கம்பி புடிக்கும்போது இழுக்குது. மதியத்துக்கு மேல பரவால்ல.” அவளிடமிருந்து இவ்வளவு வார்த்தைகள் வந்து நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நாளில் தோளைத் தாண்டியும் போயின. “மேனேஜர் கத்துனான். எனக்கு அழுவ வந்துச்சு.” “சுவர் பக்கம் பஸ்ல போனேன், மரம் பெருசாயிடுச்சு, வவுறு எரிஞ்சுது.” ஒண்ணுமில்ல என்பதைக் காணவில்லை. எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை; கேட்டால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம்.

கதவு மெல்ல மூடியது. ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. கை காதை ஒட்டி மேலே போக, மூன்றில் ஒரு பங்கு வேலையைத் தோள்பட்டைதான் செய்கிறது. அந்தக் கடைசிப் பங்கு நான் பார்த்த வரை வரவில்லை. அதற்குள் அவள் அம்மாவுக்கு முடியாமல் போனது, அலுவலகம் நேரத்தை மாற்றியது, எனக்கு வார்டு பயிற்சி வந்தது. குரல்செய்திகள் வாரத்துக்கு ஒன்றாகி, பொங்கலுக்கு ஒன்றாகி, நின்றன. நானும் படகை விட்டேன். சண்டை எதுவும் இல்லை. சென்னையில் இரண்டு பஸ் மாற வேண்டிய நட்புகளுக்கு நடப்பது நடந்தது.

இப்போது நான் அடையாறில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். தரமணிக் கம்ப்யூட்டர்க்காரர்கள் வருகிறார்கள். “ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல குத்துது” என்கிறார்கள். பலரும் நெஞ்சை நிமிர்த்தி, தோளைப் பின்னால் இறுக்கி இறுக்கிக் களைத்தவர்கள். அவர்களில் பலரை நான் சுவரைத் தள்ளச் சொல்கிறேன். இழுக்கிற தசைகளுக்கு ஊர் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள்; தள்ளுகிற ஒன்றுக்கு நான் இருக்கிறேன். பறக்கும் ரயிலில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கதவோரம் நிற்பவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனைத் தவறவிட்டிருக்கிறேன்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.

“டாக்டரே, நிஜ டாக்டர் ஆயிட்டியா?”

“பிசியோக்கா. எப்படிக்கா இருக்க?”

“சொல்றேன், கேளு. மொட்டமாடி கொடியில பெட்ஷீட் போட்டுக்கினு இருந்தேன். ரெண்டு கையும் மேல. பக்கத்து வூட்டம்மா பின்னால நின்னு பாத்துட்டு, ரெண்டு பக்கமும் சமமா கீதுன்னு சொல்லிச்சு. நான் நம்பல. மூணு பேரைக் கூப்ட்டு பாக்கச் சொன்னேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.” மூச்சு வாங்கினாள். “ஆனா இன்னும் பயமா கீதுடி. முழுசா நீட்டி இழுத்தா தாங்குமான்னு தெரியல. மழை முடிஞ்சு தேர்வு வெச்சிருக்காங்க. அந்த வேலைக்கு வயசு வரம்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் கீது. கோச்சுகிட்ட பேசிட்டேன். பின்னால யாரு உக்காருவாங்கன்னு கேட்டாரு.”

நான் பதில் சொல்வதற்குள், “நீ போட்டிக்கு வர வேணாம். உனக்கு வேலை கீது. தண்ணில எறங்குற மொத நாளுக்கு மட்டும் வா. எனக்குப் பாத்துச் சொல்லு” என்றாள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை. பந்தயப் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கான அகலமான பழைய படகு, கவிழாதது. முதலில், படகில் முன்னும் பின்னும் உருளும் சக்கர இருக்கை அசையக் கூடாது, கை மட்டும். அது சரியாக இருந்தால் இடுப்பிலிருந்து முதுகு. அதுவும் சரியாக இருந்தால் கால். எந்தப் படியிலாவது எலும்பு விளிம்பு தூக்கினால் அங்கேயே நிறுத்தி, அடுத்த வாரமும் அதே படி. பாலம் வரைக்கும் போகலாமா என்று அவள் கேட்டாள். முதல் நாள் திரும்புகிற இடத்தை நான்தான் சொல்வேன் என்றேன். “பௌல குந்திட்டா பெரிய கலெக்டரு” என்று முனகினாள், ஒப்புக்கொண்டாள்.

நான் துடுப்புப் போடப் போவதில்லை. என் துடுப்புகள் இரண்டையும் தண்ணீர்மேல் தட்டையாக வைத்து, படகு சாயாமல் பிடித்துக்கொள்வேன். அவள் ஒருத்தி மட்டும் இரண்டு கையையும் முன்னால் நீட்டுவாள், முழு நீளத்துக்கு, போகும் வரைக்கும். அவள் தண்ணீரைப் பிடிப்பதற்கு முன்னால் உள்ள அந்த ஒரு நொடியைத்தான் நான் பார்க்க வேண்டும்.